கொறைச்சுக்கிட்ட சம்பளம்

சாந்தாமணிக்கு அந்தச் சேதி மைக்கில்தான் தெரிய வந்தது.

ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டை ஒட்டிய விருந்து மண்டபம். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம். ராரிட்டன் ரைடர்ஸ் கிரிக்கெட் அணியின் சீசன் தொடக்க விருந்து. வெளியே விட்டுவிட்டு மழை. உள்ளே நாற்காலிகளில் தொங்கிய கோட்டெல்லாம் ஈரவாடை அடித்தது. சாந்தாமணி கொத்து பரோட்டாவை ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தாள். அப்படித் தின்பது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் வலது கைப் பெருவிரலும் அதை ஒட்டிய இரண்டு விரல்களும் காலையிலிருந்தே மரத்துக் கிடந்தன. பரோட்டாத் துண்டை எடுத்தால் எடுத்ததே தெரியவில்லை.

மேடையில் அணியின் முதலாளி ஜெயபிரகாஷ் பேசிக்கொண்டிருந்தார். கம்பெனிகளுக்கு ஐ.டி. ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற தொழில் அவருக்கு. சென்னைக்காரர்.

"ஃபிரண்ட்ஸ், இந்த லீக்ல ஒரு ரூல் இருக்கு. பிளேயர்ஸ் எல்லாருக்கும் சேத்து ஒரு டீம் இவ்வளவுதான் சேலரி குடுக்கலாம். அதுக்கு மேல ஒரு டாலர் தாண்டக் கூடாது. நமக்கோ ஒரு நல்ல ஃபாஸ்ட் பௌலர் வேணும். அப்ப யாராவது இடம் விடணும் இல்லையா? நம்ம கேப்டன் நஞ்சுண்டன் என்கிட்ட வந்தார். 'சார், என் சம்பளத்துல பாதிய எடுத்துக்குங்க, எனக்குக் கப்பு போதும்'னார். இந்த லீக்கோட நம்பர் ஒன் ஸ்பின்னர்! யார் சார் சொல்வா இப்படி?"

மண்டபம் எழுந்து கைதட்டியது. மேடை ஓரத்தில் நஞ்சுண்டன் தலையைக் குனிந்து நின்றான். நெட்டையான ஆள், கூச்சம் வந்தால் பந்து போடுகிற இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்வான். இப்போதும் விட்டிருந்தான்.

சாந்தாமணியின் கையிலிருந்த ஸ்பூன் தட்டில் விழுந்தது.

"மிஸஸ் நஞ்சுண்டன் இங்கதான் இருக்காங்க. மேடம், ப்ளீஸ், எழுந்து நில்லுங்க. இவங்க சப்போர்ட் இல்லன்னா இது நடந்திருக்காது."

அவள் எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ரோஷினி முழங்கையால் இடித்தாள். "அம்மா, ஸ்டாண்ட் அப். எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

ஜெயபிரகாஷ் மைக்கோடு மேசைக்கே வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சாந்தாமணி மைக்கைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் எதுக்குங்க நிக்கோணும்? குடுத்தது அவரு, வாங்குனது நீங்க. எனக்கு நீங்க சொல்லித்தான் தெரியுமுங்க."

வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சுண்டன் மட்டும் சிரிக்கவில்லை.

ரூட் ஒன்றில் வண்டி பிளெய்ன்ஸ்பரோவை நோக்கிப் போனது. வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம். எடிசனைத் தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா உங்களுக்கு?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் சாந்தா. அதுக்குள்ள அவரு போட்டு ஒடச்சுட்டாரு."

"எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க? சம்பளம் வந்த பொறகா?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா?"

"மாட்டேன்."

"அப்புறமென்ன?"

"அப்புறமென்னவா? ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் ஒளிச்சிருக்கறீங்க. பொங்கலன்னைக்கு என்னங்க பேசுனோம்? புதுக் காண்ட்ராக்ட் வந்தொடனே நான் மாவு வேலைய நிறுத்திப் போடறது, கைக்கு ஆபரேசன் பண்ணிக்கறதுன்னு பேசுனமா இல்லியா?"

நஞ்சுண்டன் லேன் மாற்றினான்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"பேசுனோம். இல்லீங்கல. ஆனா இன்னும் ஒரு சீசன், சாந்தா. முப்பத்தாறு வயசாச்சு எனக்கு. இந்த டீமு ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்கறேன். வருசா வருசம் செமி பைனல் வரைக்கும் போறோம், கடேசி ஓவர் போட ஆளில்லாமத் தோத்துட்டு வர்றோம். ஒரு கப்பத் தொட்டதில்ல. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனெல்லாம் டீமுக்காகச் சம்பளத்தக் கொறைச்சுக்கறான். இந்த ஊரு புட்பால்லயே, பேஸ்கட்பால்லயே பண்றானுக."

"அவனுக கொறைச்சுக்கிட்டா நாலு பங்களால ஒண்ணு கொறையும். நீங்க கொறைச்சுக்கிட்டா எங்கீங்க கொறையும்? உங்க சம்பளத்த நீங்க உட்டுட்டீங்க. அத இனி யாரு சம்பாரிக்கறது? இந்தக் கை. என்ற கையப் புடிச்சு அந்தாளுகிட்டக் குடுத்துட்டு வந்து கைதட்டு வாங்கியிருக்கறீங்க."

பின் சீட்டிலிருந்து ரோஷினி குரல் கொடுத்தாள். "அம்மா, டாட் டிட் சம்திங் ரியலி நைஸ். வொய் ஆர் யூ ஸோ மீன்?"

"உங்கொப்பன் நல்லவருதாங் கண்ணு. ஊருக்கெல்லாம் நல்லவரு."

"கொழந்த முன்னால பேசாத," என்றான் நஞ்சுண்டன்.

"மைக்குல பேசலாம், கொழந்த முன்னால பேசக் கூடாதுங்களா?"

அப்பார்ட்மெண்ட் வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவள் இன்னொன்று சொன்னாள். "நாளையில இருந்து உங்க ஆட்டத் துணிய நீங்களே தொவைச்சுக்குங்க."

சாந்தாமணி வேலை பார்த்தது ஐசலினில் கடைகளுக்குப் பின்புறம் இருந்த ஒரு மாவுக் கூடத்தில். கிட்டுசாமி என்கிற பொள்ளாச்சிக்காரர் நடத்தியது. இட்லி மாவு, தோசை மாவு, அடை மாவு அரைத்து டப்பாவில் அடைத்து எடிசன் முதல் பிரின்ஸ்டன் வரை இருக்கிற மளிகைக் கடைகளுக்குப் போடுவார். விடியும் முன்னே போய் ஊறிய அரிசியைக் கூடையில் அள்ளி வடிக்க வேண்டும். ஈர அரிசியின் பாரம் மணிக்கட்டில்தான் இறங்கும். ஆளுயர கிரைண்டர் ஓடும்போது உளுந்தைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு உப்புப் போட்டுக் கையால் கரைக்க வேண்டும். மெஷினில் கரைத்தால் மாவு பொங்காது என்பது கிட்டுசாமியின் கட்சி. குளிர்காலத்தில் மாவு புளிக்காமல் அடம்பிடிக்கும். ஹீட்டர் பக்கத்தில் டிரம்மை நகர்த்த வேண்டும். ஜூன் பிறந்துவிட்டால் கண்ணை மூடித் திறப்பதற்குள் பொங்கி வழியும். குளிர் அறைக்குள் ஓட வேண்டும். காலை ஷிப்டு முடிந்து, மதியத்துக்கு மேல் டப்பா அடைக்கும் ஷிப்டும் பார்த்துவிட்டுத்தான் வீடு.

டாக்டரம்மா படம் போட்டே காட்டியிருந்தாள். மணிக்கட்டுக்குள் ஒரு குகை மாதிரி, அதற்குள் ஒரு நரம்பு நசுங்குகிறது, வேலையை நிறுத்தி அறுவை செய்துகொள்ளாவிட்டால் பிடிமானமே போய்விடும் என்று. அது போன வருஷம்.

அந்தக் கோடையில் நஞ்சுண்டன் அற்புதமாக ஆடினான். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சனி, ஞாயிறு மேட்ச். மற்ற நாள் சாயங்காலம் பயிற்சி. வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்து இடது கை விரல்களை ஐஸ் கிண்ணத்தில் விட்டுக்கொள்வான். அணிக்கென்று ஒரு பிசியோ இருந்தார். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக நீவிவிடுவாராம். சாந்தாமணி அதே கிண்ணத்தைக் கடந்து போய் ரைஸ் குக்கர் மூடியை இடது கையால் திறப்பாள். இருவரும் சோறு, சாம்பார், கார் சாவி, ரோஷினியின் வயலின் கிளாஸ் இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ரோஷினி அப்பன் பக்கம். அந்த விருந்து வீடியோவைப் பள்ளிக்கூடத்தில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். "மை டாட் இஸ் லைக் எ லெஜண்ட்," என்று போனில் தோழியிடம் சொன்னாள். "மை மாம் ஜஸ்ட் டஸன்ட் கெட் இட்."

நஞ்சுண்டன் விட்டுக்கொடுத்த சம்பளத்தில் வந்த வேகப்பந்து வீச்சாளன் பெயர் கிறிஸ்டோ. தூத்துக்குடிக்காரன். மனைவி யூனிஸோடு அதே அப்பார்ட்மெண்டில் இரண்டு கட்டடம் தள்ளிக் குடிவந்தான். வந்த மறுவாரம் யூனிஸ் ஒரு தூக்கு நிறைய சீலா மீன் குழம்போடு வாசலில் நின்றாள்.

"அக்கா, நான் யூனிஸ். கிறிஸ்டோ வீட்டுல. உங்க வீட்டுக்காரரு செஞ்ச உதவியத்தான் நாங்க ரெண்டு பேரும் தெனமும் ஜெபத்துல சொல்லுதோம். அதான் கொஞ்சம் கொழம்பு…"

சாந்தாமணி தூக்கை வாங்கவில்லை.

"உங்கூட்டுக் கொழம்புல இருக்கறதே எங்கூட்டு உப்புத்தானம்மா. அத எனக்கே கொண்டாந்து ஊத்துவியா?"

யூனிஸின் முகம் சட்டென்று இருண்டது. "நாங்க கேட்டு வாங்கலக்கா. இவ்வளவு தாரோம்னு சொன்னாவ, வந்தோம். எங்க வீட்டுக்காரரு அங்க ஊர்ல பேங்க்ல பெர்மனன்ட் வேலைய உட்டுட்டு வந்திருக்காவ. உங்க வீட்டுச் சண்டைக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

"ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். கொழம்ப எடுத்துட்டுப் போ."

யூனிஸ் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாஷிங் மெஷின் அறையில் பார்த்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொன்னது அதிகம் என்று சாந்தாமணிக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பப் போய்ச் சொல்ல மனசு வரவில்லை.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ரோஷினி அணிச் சட்டை போட்டுக்கொண்டு அப்பனோடு காலையிலேயே போய்விட்டாள். லாங் வீக்கெண்டுக்கு முந்தைய வாரம் என்பதால் கடைகள் இரண்டு மடங்கு மாவு கேட்டிருந்தன. சாந்தாமணி மாவுக் கூடத்தில் இருந்தாள். உள்ளே அனல். டிரம்மெல்லாம் நுரைத்துக்கொண்டிருந்தன. கரைத்த மாவுப் பாத்திரம் ஒன்றைத் தூக்கிக் குளிர் அறைக்குத் திரும்பினாள். கை விட்டுவிட்டது. நழுவியதுகூடத் தெரியவில்லை. காலில் குளிர்ச்சியாக ஏதோ வழிகிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் பாத்திரம் தரையில் கிடந்ததும் மாவு சாக்கடைக் கம்பி வரைக்கும் ஓடியதும் தெரிந்தது.

கிட்டுசாமி ஓடி வந்தார். "என்னங்கம்மா, இன்னைக்குப் பாத்தா போடறது?"

அவள் பெருவிரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

"ஊட்டுக்குப் போங்கம்மா. இந்தக் கைய வெச்சுட்டு என்னத்தப் பண்ணுவீங்க? மாவு போனாப் போகுது." மாவு போனதை அவர் அப்படி ஒன்றும் விடவில்லை. அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்.

ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, வழியில் ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அப்பார்ட்மெண்ட் புல்வெளியில் கூட்டம். ரைடர்ஸ் ஜெயித்துவிட்டார்கள். கடைசி ஓவரைக் கிறிஸ்டோ போட்டான். அதற்கு முந்தைய ஓவரில் நஞ்சுண்டன் இரண்டு விக்கெட் எடுத்தான். யாரோ பறை அடித்தார்கள். மாடி பால்கனிகளில் குஜராத்திகளும் தெலுங்கர்களும் நின்று போன் பிடித்தார்கள். நஞ்சுண்டன் அவளைக் கண்டதும் கோப்பையோடு ஓடி வந்தான். இத்தனை மாதத்தில் அவள் பார்க்காத சிரிப்பு அவன் முகத்தில்.

"சாந்தா! புடி. ஒரு போட்டோ எடுத்துக்கலாம். புடி."

அவள் துப்பட்டாவை விலக்கிக் கட்டைக் காட்டினாள்.

அவன் கட்டைப் பார்த்தான். "என்னாச்சு?" என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து யாரோ "கேப்டன்!" என்று தோளில் தூக்கிவிட்டார்கள். தூக்கியவர்களின் தலைக்கு மேலிருந்து அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவள் படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இலை உதிரத் தொடங்கியபோது ஜெயபிரகாஷ் அணியை விற்றுவிட்டார். டாலஸில் இருக்கிற ஒரு கூட்டம் வாங்கியது. அணி இனி டெக்சஸில் ஆடும். நல்ல விலை என்று ஓக் ட்ரீ ரோட்டில் டீ குடிக்கிறவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

நஞ்சுண்டன் அன்றைக்குப் பயிற்சியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். செருப்பைக் கழற்றாமல் நின்றான்.

"டாலஸ்காரங்க என்னைய எடுத்துக்கறாங்களாம். ஜெயபிரகாஷ்தான் அவங்களுக்காக எல்லாரு காண்ட்ராக்டும் பேசி முடிக்கறாரு."

"எவ்வளவுக்கு?"

"இப்ப வாங்கறதுதான்."

"இப்ப வாங்கறதுன்னா? பழைய சம்பளமா, கொறைச்சுக்கிட்டதா?"

"கடேசி வருசம் என்ன வாங்குனமோ அதுதான் கணக்காமா. ஒருக்கா கொறைச்சா அதுதான் வெலைங்கறாங்க." அவன் ஏதோ கெட்ட வாடையை முகர்ந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். "ஒரு வருசத்துக்குத்தான்னு ஜெயபிரகாஷ் சொன்னாரு. வாயாலதான் சொன்னாரு."

நான் சொன்னேனே என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அடுப்பில் ரசம் நுரைகட்டிவிட்டது, அணைத்தாள்.

மறுநாள் யூனிஸ் வந்து கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பதைவிட இடித்தாள் என்று சொல்லலாம்.

"நல்லா இருக்காக்கா உங்க வீட்டுக் காரியம்? உங்க வீட்டுக்காரரப் புடிச்ச சீக்கு எங்க வீட்டுக்கும் ஒட்டிக்கிட்டு. எங்க வீட்டுக்காரரும் சம்பளத்தக் கொறைக்கணுமாம். 'நஞ்சுண்டன் செஞ்சாரே, நீ செய்ய மாட்டியா, டீம்தானே முக்கியம்'னு ஜெயபிரகாஷ் கேட்டிருக்காவ. இந்த மனுசனும் யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டு வந்து நிக்காவ. என்னத்த யோசிக்க? ரெண்டு மாசம் முழுகாம இருக்கேன் நான்!"

சாந்தாமணி அவளைப் பார்த்தாள். வாயிலிருந்து வந்தது இதுதான்: "உள்ள வந்து உக்காரு. நின்னுட்டே கத்தாத."

"உக்கார வரல நான்."

"அப்ப நில்லு. எப்பக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கறாங்க?"

"ஞாயித்துக்கெழம. ஜெயபிரகாஷ் வீட்டுல. ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொல்லியிருக்காவ. 'லேடீஸ் வேண்டாம், அரைமணி நேர வேலை'ன்னாவளாம்."

"அந்த வேண்டாம்ங்கற லேடீஸ் நாமதான்," என்றாள் சாந்தாமணி. "கார எடுத்துட்டு வா. எனக்குக் கை முடியாது."

வெஸ்ட் வின்ட்சரில் ஜெயபிரகாஷின் வீடு ஒரு வளைவுச் சாலையின் முடிவில் இருந்தது. வாசல் மேப்பிள் மரம் பாதி மொட்டை. யூனிஸ் காரை அதன் அடியில் நிறுத்தினாள். மணியை அடித்ததும் ஜெயபிரகாஷே கதவைத் திறந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் டைனிங் டேபிளில் நஞ்சுண்டனும் கிறிஸ்டோவும் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் டீ, முறுக்கு, காகிதங்கள்.

"ஓ, வாங்க மேடம். என்ன சர்ப்ரைஸ்…"

சாந்தாமணி உள்ளே போனாள். உட்காரவில்லை.

"ஒரு சந்தேகமுங்க. கேட்டுட்டுப் போயிர்றோம். கப்பு ஜெயிச்சதுனாலதான டீமு நல்ல வெலைக்குப் போச்சுங்க?"

"ஆஃப் கோர்ஸ். சாம்பியன் டீம்னா வேல்யூ ஏறத்தானே செய்யும். எல்லாம் நம்ம பாய்ஸோட ஹார்ட் வொர்க்."

"டீமுக்காகன்னு இவரு சம்பளத்தக் கொறைச்சுக்கிட்டாரு. அந்தத் தம்பியும் கொறைக்கோணும்ங்கறீங்க. செரி. டீமுக்காகன்னு விக்கறப்ப நீங்க எவ்வளவுங்க கொறைச்சுக்கிட்டீங்க?"

ஜெயபிரகாஷுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிக்கப் பார்த்தார். யூனிஸ்தான் சத்தமாகச் சிரித்துவிட்டாள். அது நல்ல சிரிப்பில்லை.

"மேடம், அது பிசினஸ். இது ஸ்போர்ட். ரெண்டையும் மிக்ஸ் பண்ணாதீங்க. நஞ்சுண்டன், இதெல்லாம் நீங்க வீட்லயே பேசி முடிச்சிட்டு வந்திருக்கணும்."

நஞ்சுண்டன் எழுந்தான். காது மடல் சிவந்திருந்தது. "சாந்தா, வெளிய போ."

"போறனுங்க. நீங்க போடற கையெழுத்துக்கு இனி நான் மாவாட்ட மாட்டேன். போட்டீங்கன்னா டாலஸுக்கு நீங்க ஒருத்தராப் போங்க. நானும் ரோஷினியும் வரல."

"வெளிய போன்னேன்."

வாசலில் காற்று இலைகளைச் சுருட்டிக்கொண்டு போனது. பெண்கள் இருவரும் காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கிறிஸ்டோ வந்தான். மனைவியிடம் கண்ணாடி வழியாகச் சொன்னான்: "ஒத்தப் பைசா கொறைக்க மாட்டேன்னுட்டேன். ஜெயபிரகாஷ் டாலஸுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. சரின்னுட்டானுவ. டாலஸ்ல வேகமாப் போடுத ஆளு இல்லையாம்." யூனிஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நஞ்சுண்டன் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அவன் நேரே தன் வண்டிக்குத்தான் போனான். பிறகு திரும்பி வந்து சாந்தாமணி பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான்.

"சந்தோசமா?"

"போட்டீங்களா?"

"இல்ல."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. "ஏனுங்க?"

"ஜெயபிரகாஷ் என்னைய முன்னால வெச்சுட்டே டாலஸ்காரங்கிட்டப் பேசுனான். 'நஞ்சுண்டனப் பத்திக் கவலப்படாதீங்க, அவரு எதுவும் கேக்க மாட்டாரு'ன்னான். அப்படியே. நான் என்னமோ அந்த ரூம்புல இல்லாத மாதிரி." அவன் தொண்டையைச் செருமினான். "அதுக்காக நீ பேசுனது செரீன்னு ஆயிராது. எத்தன பேரு முன்னால என்ற மானத்த வாங்கீட்ட. அத நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாமுங்க. நானும் ஏப்ரல் மாசத்த மறக்கல."

அவன் போய் வண்டியை எடுத்தான்.

வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை. வயசைப் பார்த்தார்கள். நஞ்சுண்டன் வார இறுதிகளில் உள்ளரங்கில் பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுத்தான். மற்ற நாளெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். சாந்தாமணி கட்டுப் போட்ட கையோடு மாவுக் கூடத்துக்குப் போய்வந்தாள். யூனிஸ் டாலஸுக்குக் கிளம்பும்போது வந்து, வாசலிலேயே நின்று, "வாறோம்க்கா," என்றாள். "ஒடம்பப் பாத்துக்க," என்றாள் சாந்தாமணி. அவ்வளவுதான் அவர்களுக்குள்.

டிசம்பரில் சாந்தாமணியின் கைக்கு அறுவைச் சிகிச்சைத் தேதி கிடைத்தது. கிட்டுசாமி போனில் சொன்னார்: "பண்ணிக்குங்கம்மா, வேண்டாம்ங்கல. ஆனா அத்தன வாரம் ஆளில்லாம நான் மாவாட்ட முடியுங்களா? வேற ஆளப் போட்டா அப்புறம் அந்த ஆளுதான்." ஸ்பீக்கரில் இருந்ததால் நஞ்சுண்டனுக்கும் கேட்டது. அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் வர்றேன்னு சொல்லு."

"உங்களுக்கு முடியாதுங்க."

"சொல்லுங்கறேன்."

அறுவை முடிந்த மறுவாரம் அவன் முதல் நாள் வேலைக்குப் போனான். முந்தின இரவு பெய்த பனி ஓரமெல்லாம் குவிந்து கிடந்தது. மதியத்துக்கு மேல் திரும்பி வந்தான். புருவத்தில் மாவு, முழங்கை வரை மாவு. ஜாக்கெட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, பந்தைச் சுழற்றுகிற அந்த விரலில் தோல் பிளந்திருந்தது. ரோஷினி ஐஸ் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அரிசிக் கூடை இத்தன கனமாடி?" என்றான். "வருசக்கணக்கா இதையா தூக்குன?"

சாந்தாமணி இடது கையால் சோற்றைப் போட்டு, கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றி, தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"கூலி என்னன்னு சொன்னாருங்க?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "கொஞ்சம் கம்மிதான்."

"கம்மின்னா?"

"உனக்குக் குடுத்தத விடக் கம்மி. புது ஆளுதானன்னாரு. அப்புறம் என்ற ஆட்டமெல்லாம் பாத்திருக்கறாராமா. அந்த விருந்து வீடியோவும் பாத்தாராமா. 'உங்கள மாதிரி ஆளு காசுக்கு நிக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் நிமிரவில்லை.

"உங்களத்தானுங்க கேக்கறேன். என்ன சொன்னீங்க?"

"செரின்னுட்டேன்."

ரோஷினிதான் முதலில் பேசினாள். "டாட்!" என்றாள். அம்மாவின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. "அதே வேலை. வொய் வுட் யூ சே யெஸ்?"

சாந்தாமணி அவன் முன்னாலிருந்த தட்டை இடது கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் வந்து கேக்க மாட்டேன். என்னைய இனி எங்கயும் நாலு பேரு முன்னால நிக்க வெக்காதீங்க. உங்க வாயி, உங்க கூலி. போய்க் கேட்டுட்டு வந்து சோத்துல கைய வைங்க."

"நாளைக்குக் கேக்கறேன் சாந்தா. பசிக்குது."

"நாளைக்கு உங்களுக்கு வாயி வராதுங்க."

நஞ்சுண்டன் குழம்பு ஒட்டிய விரல்களைப் பார்த்தான். பிறகு எழுந்து சிங்க்கில் கையைக் கழுவினான். வெடித்த விரலில் தண்ணீர் பட்டபோது பல்லைக் கடித்தான். சாவியை எடுத்தான். கதவருகே நின்று, திரும்பாமல் கேட்டான்.

"என்னன்னு ஆரம்பிக்கறது?"

"சலாம் போட்டு ஆரம்பிக்காதீங்க," என்றாள் சாந்தாமணி. "'கம்மிக்குச் செய்யமாட்டனுங்க'ன்னு ஆரம்பீங்க."

கீழே வண்டி உறுமி, பனியில் சக்கரம் வழுக்கி, பிறகு பிடித்துக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. அவள் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.